உஷார்! ஓர் ஆண்டு போய்விடும், பட்டம் வராது

“ஒரே வருஷத்தில் டிகிரி. பரீட்சை எழுத வர வேண்டாம். பழைய தேதி போட்டே சர்டிஃபிகேட் தருகிறோம்.” இப்படி ஒரு செய்தி உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால் பதில்கூட அனுப்பாதீர்கள். முன்தேதி போட்டுக் கொடுக்கிற பட்டம் போலி ஆவணம். விற்றவன் கடையைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவான். அதை வேலை விண்ணப்பத்தோடு இணைத்தவர் மேல்தான் வழக்கு பாயும். ஐந்து வருஷமோ பத்து வருஷமோ கழித்து, உண்மைத்தன்மை கேட்டு அலுவலகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகிற அன்று வேலையும் மானமும் சேர்ந்தே போகும்.

இந்த ஆபத்து பலருக்கும் தெரியும். நான் பதறுவது இன்னொன்றுக்காக. பல்கலைக்கழகம் உண்மையானது, ரசீது உண்மையானது, புத்தகம் உண்மையானது, தேர்வும் நடந்தது. இத்தனையும் இருந்தும் அஞ்சல் வழியில் படித்து வாங்கிய பட்டம் செல்லாமல் போன கதைகள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. ஏமாந்தவர்கள் குறுக்குவழி தேடியவர்கள் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரியில் கண் விழித்துப் படித்தவர்கள். ஜூலையிலும் ஜனவரியிலும் சேர்க்கைப் பருவம் தொடங்கும்போதெல்லாம் அவர்களைப் போலவே புதிதாகப் பல ஆயிரம் பேர் பணம் கட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கடைசி வரை படியுங்கள்.

அஞ்சல் வழிக் கல்வியைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த அந்த முறையை 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகமும், 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1981-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் கையில் எடுத்தன. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, வந்தது. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. கண்டக்டர், கான்ஸ்டபிள், அங்கன்வாடி ஊழியர், கல்யாணமாகிப் படிப்பை நிறுத்திய பெண், பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர் என்று எத்தனை பேர் ‘கரஸ்’ என்கிற இந்த அஞ்சல் வழியில் படித்துப் பட்டதாரி ஆனார்கள்! அவர்கள் வீட்டில் அதுதான் முதல் பட்டம். இன்றைக்கு அந்தப் பட்டத்துக்குச் சட்டத்தின் மரியாதையும் உண்டு. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலை (அதாவது அஞ்சல் வழி) முறையிலோ ஆன்லைன் முறையிலோ படித்து வாங்கிய பட்டம், கல்லூரிக்குப் போய்ப் படித்து வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, தெளிவாகவே அறிவித்தது. ‘அங்கீகாரம் பெற்ற’ என்ற அந்த நிபந்தனையில்தான் எல்லாம் தொங்குகிறது.

சேர்க்கைக் காலத்தில் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வருகிறது. ஓராண்டில் எங்கள் வளர்ச்சியைப் பாருங்கள், இத்தனை ஆயிரம் பேர் சேர்ந்தார்கள், இத்தனை புதிய படிப்புகள், இத்தனை மாவட்டங்களில் மையங்கள் என்று எண்கள் அணிவகுக்கின்றன. அந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை நிறுவனத்தின் வளர்ச்சியைச் சொல்கின்றன, மாணவரின் நிலைமையைச் சொல்லவில்லை. போன வருஷம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முதல் தேர்வை எழுதினார்கள்? எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குப் பதிவு செய்தார்கள்? புத்தகம் எந்த மாதம் வீட்டுக்கு வந்தது? அந்தப் ‘புதிய படிப்பு’க்கு இந்தப் பருவத்தில் அனுமதி உண்டா? விளம்பரத்தில் இந்த நாலு கேள்விக்கும் பதில் இருக்காது. அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும். அதுவும் பணம் கட்டுவதற்கு முன்னால்.

அனுமதி விஷயத்தில்தான் நம் மக்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். “அரசுப் பல்கலைக்கழகம்தானே, என்ன பிரச்சினை வந்துவிடப் போகிறது?” என்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது ஒன்று. அது தொலைநிலை முறையில் இந்தப் படிப்பை இந்தப் பருவத்தில் நடத்த அனுமதி பெற்றிருப்பது வேறொன்று. 2013 வரை இந்த அனுமதியைக் கொடுத்துவந்தது இக்னோவின் கீழ் இயங்கிய தொலைநிலைக் கல்விக் குழு. அது கலைக்கப்பட்ட பிறகு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு கொடுக்கிறது. படிப்பு வாரியாக, எந்தக் கல்வியாண்டு, எந்தப் பருவம் என்று குறிப்பிட்டுத்தான் அனுமதி வரும். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, நேரடி வகுப்பும் நடத்தி அஞ்சல் வழியும் நடத்துகிற பல்கலைக்கழகம், உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் குழுவின் மதிப்பீட்டில் நாலுக்கு 3.01 வாங்கியிருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100 இடங்களுக்குள் வந்திருக்க வேண்டும். நாக் சான்று காலாவதியாகும், தரவரிசை ஏறி இறங்கும். போன வருஷம் இருந்த அனுமதி இந்த வருஷம் இல்லாமல் போவதற்கு இவ்வளவு போதும்.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். 2022 மார்ச்சில் யுஜிசி ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் இருந்தது, அதன் பிறகு இல்லை என்றது அந்த அறிவிப்பு. பல்கலைக்கழகத்துக்கு அதன் தரப்பு விளக்கம் இருந்தது. ஆனால் மாணவர் பக்கத்திலிருந்து பாருங்கள். ஏழு வருஷத்துச் சேர்க்கை! சிதம்பரத்தில் இருக்கிற அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை நம்பிச் சேர்ந்தவர்கள், படித்து முடித்துப் பட்டத்தோடு வேலைக்கு விண்ணப்பித்தவர்கள், ஒரு காலைப் பொழுதில் நாளிதழைத் திறந்து தங்கள் பட்டத்தின் கதியைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நூற்றாண்டை நெருங்குகிற ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்களுக்கே இந்த நிலை என்றால், நேற்று முளைத்த தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி உங்களைத் துரத்துகிற ஏஜென்டை எப்படி நம்புவது?

இதைவிடக் கொடுமையான கதை ஒன்று உண்டு. 2017 நவம்பர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் கொடுத்துவந்த வழக்கு அது. அவற்றில் ஒன்று நம் சேலத்தின் விநாயகா மிஷன்ஸ். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனவர்கள், அஞ்சல் வழியில் பி.டெக். முடித்தால் உதவிப் பொறியாளராகப் பதவி உயர்வு கிடைக்கும் என்று சேர்ந்தார்கள். கிடைக்கவும் செய்தது. வழக்கே ஒடிசாவில் ஓர் அரசு நிறுவனத்தில் எழுந்த பதவி உயர்வுத் தகராறில்தான் தொடங்கியது. பொறியியலை அஞ்சல் வழியில் நடத்த, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ ஒப்புதல் தரவில்லை. ஆனால் தொலைநிலைக் கல்விக் குழு, நடந்து முடிந்த ஆண்டுகளுக்கும் சேர்த்து, பின்னால் ஓர் ஒப்புதல் கொடுத்திருந்தது. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் ‘அப்ரூவ்டு’ என்று எல்லோரும் நம்பவைக்கப்பட்டார்கள்.

நீதிமன்றம் அந்தப் பின்னொப்புதலை ஏற்கவில்லை. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவர்கள் ஏஐசிடிஇ நடத்தும் தேர்வை எழுதித் தேறினால் பட்டம் மீளும். அதற்கும் இரண்டே வாய்ப்பு. அதன் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. அந்தப் பட்டத்தால் கிடைத்த பதவி உயர்வும் திரும்பப் போனது. கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். கட்டணத்தைக் கொடுத்துவிடலாம். நாற்பது வயதுக்கு மேல், பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிற வயதில், மேலதிகாரியாக உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்து பழைய இடத்துக்குப் போய் உட்காருகிற மனிதருக்கு அந்த வருஷங்களை யார் கொடுப்பது? அவர் செய்த பிழை ஒன்றுதான்: பல்கலைக்கழகம் சொன்னதை நம்பினார், விதி என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை.

ஆகவே எந்தப் படிப்பை அஞ்சல் வழியில் படிக்கவே முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி, நர்சிங், பிசியோதெரபி, கட்டடக்கலை, சட்டம், வேளாண்மை, ஓட்டல் மேலாண்மை, கேட்டரிங் ஆகியவை தொலைநிலையில் கிடையாது. முனைவர் பட்டமும் கிடையாது. “பார்ட் டைம் மாதிரிதான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும்” என்று எந்த இடத்திலாவது எல்எல்பி விற்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பி.எட். விஷயத்திலும் கவனம் வேண்டும். முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் அஞ்சல் வழி பி.எட்., அதற்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் அனுமதியும் வேண்டும். டிகிரி முடித்த யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பி.எட். முடிக்கலாம் என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார்.

இந்தப் பட்டியல் நீண்டுகொண்டும் போகிறது. 2025-இல் யுஜிசி இன்னொரு கதவையும் அடைத்தது. அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், மருத்துவ ஊட்டச்சத்து போன்றவற்றைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. 2021-ஆம் ஆண்டின் சுகாதாரத் துறைத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் அவை வந்துவிட்டதுதான் காரணம். அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி நம் ஊரில் எவ்வளவு பேருக்குப் பிடித்த படிப்பு! ஆசிரியர்கள், மனிதவளத் துறையில் இருப்பவர்கள், கவுன்சலிங் செய்ய ஆசைப்பட்ட இல்லத்தரசிகள் எல்லோரும் அதைத்தான் தேடிப் போனார்கள். இன்னமும் அந்தப் படிப்பின் பெயரைப் போட்ட பழைய நோட்டீஸ்கள் கண்ணில் படலாம். பழைய மாணவர் ஒருவர் “நான் அங்கேதான் முடித்தேன், நல்ல இடம்” என்று மனதாரச் சொல்லவும் செய்வார். அவர் சொல்வது அவர் சேர்ந்த வருஷத்துக்கு உண்மை. உங்கள் வருஷத்துக்கு அது சாட்சி ஆகாது.

தமிழ்நாட்டில் அரசு வேலைக்குத் தயாராகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும், பிளஸ் டூ வேண்டாம், நேரடியாக டிகிரி சேரலாம், டிகிரியே இல்லாமல் எம்.ஏ. சேரலாம் என்று ஒரு காலத்தில் திறந்தநிலைத் திட்டங்கள் அழைத்தன. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு அது ஒரு வாசலாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அடிப்படைப் பட்டம் இல்லாமல் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாடு அரசும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களைத்தான் பட்டதாரித் தகுதிக்கு எடுத்துக்கொள்ளும் என்று அதே ஆண்டில் ஆணை போட்டது. டிஎன்பிஎஸ்சி தேர்வில் தேறி, தரவரிசையிலும் வந்து, சான்றிதழ் சரிபார்ப்பு மேசைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு “உங்கள் வரிசை சரியில்லை” என்று கேட்பதைவிடப் பெரிய இடி உண்டா? பிளஸ் டூ முடிக்காதவர்கள் முதலில் தனித்தேர்வராகவாவது பிளஸ் டூ எழுதிவிடுங்கள். இரண்டு வருஷம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. டிப்ளமோ வழியில் வந்தவர்கள் தங்கள் வரிசை செல்லுமா என்பதை டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையிலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, எங்கே சேருகிறோம்? பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மாடிப்படி ஏறினால் ஒரு ஸ்டடி சென்டர். வாசலில் ஏழெட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயர்ப் பலகை. உள்ளே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். பல்கலைக்கழகம் தன் படிப்பைக் கிளை உரிமை கொடுத்து இன்னொருவர் மூலம் நடத்தக் கூடாது என்பது யுஜிசி விதி. இணையவழிக் கல்விக் கம்பெனிகளோடு அப்படி ஒப்பந்தம் போடுவதும் கூடாது என்று 2022 ஜனவரியில் திரும்பவும் எச்சரித்தது. இன்னொரு மாநிலத்தின் தனியார் பல்கலைக்கழகத்துக்கு நம் ஊரில் படிப்பு மையம் திறக்க அதிகாரமே இல்லை. ஆன்லைன் படிப்புக்கு மாநில எல்லை கிடையாது, தொலைநிலைப் படிப்புக்கு உண்டு. இந்த வேறுபாட்டை மறைத்துத்தான் பல ஏஜென்டுகள் வியாபாரம் செய்கிறார்கள். “இது ஆன்லைன் சார், இந்தியா முழுக்கச் செல்லும்” என்பார்கள். ரசீதில் தொலைநிலைப் படிப்பின் பெயர் இருக்கும்.

ஏஜென்டின் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். அவருடைய ஜிபே எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில், உங்கள் பெயரில், உங்கள் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்து நீங்களே கட்டுங்கள். “எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்கிற மையத்தில் பல சமயம் மாணவரின் எண்ணுக்குப் பதிலாக மையத்தின் எண்ணைப் பதிவு செய்துவிடுகிறார்கள். அப்புறம் தேர்வு அறிவிப்பு, கட்டணக் கெடு, ஹால் டிக்கெட் எதுவும் உங்களுக்கு நேராக வராது. ஒவ்வொன்றுக்கும் அந்த மாடிப்படி ஏறி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பணம் கொடுக்க வேண்டும்.

சேரும் முன் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்குத் தனி இணையதளம் இருக்கிறது. அதில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். ஒன்றுபோல ஒலிக்கிற பெயர்கள் பல உண்டு, ஊர்ப் பெயரையும் சேர்த்தே பாருங்கள். நீங்கள் சேரும் கல்வியாண்டு, பருவம், படிப்பின் முழுப்பெயர் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பணம் கட்டாதீர்கள். “அப்ளை பண்ணியாச்சு, அனுமதி வந்துவிடும்” என்ற பதிலை ஏற்காதீர்கள். பட்டியல் பக்கத்தை அன்றைய தேதியோடு அச்செடுத்து ரசீதோடு சேர்த்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து யாராவது கேட்டால் உங்களிடம் ஆதாரம் இருக்கும். 2024 முதல் தொலைநிலை, ஆன்லைன் மாணவர்கள் அந்தப் பிரிவு தருகிற டெப் ஐடி என்ற அடையாள எண்ணை எடுத்தாக வேண்டும். அதற்கு முன் மாணவரின் கிரெடிட் கணக்குக்கான ஏபிசி ஐடி வேண்டும், அதை டிஜிலாக்கர் வழியாக எடுக்கலாம். இந்த எண்களை நீங்களே உருவாக்குங்கள், கடவுச்சொல்லை ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள். டெப் ஐடி இல்லாமலே சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்கிற இடம் உங்களைக் கணக்கில் காட்டப் போவதில்லை என்று பொருள்.

‘பத்து நாளில் எம்பிஏ’ என்றும் விளம்பரம் வந்தது. யுஜிசி 2024-இல் அதைப் பெயர் சொல்லியே எச்சரித்தது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகமோ, நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ, பட்டம் தர நாடாளுமன்றச் சட்டம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமோதான் பட்டம் தரலாம் என்று 1956-ஆம் ஆண்டின் யுஜிசி சட்டத்திலேயே இருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இனிச் சொல்லப்போவது, எல்லாவற்றையும் சரியாகப் பார்த்துச் சரியான இடத்தில் சேர்ந்தவர்களுக்கு. உங்களுக்கும் ஆபத்து இருக்கிறது, முதல் ஆண்டிலேயே இருக்கிறது. ஒரு கிரெடிட் என்பது முப்பது மணி நேரப் படிப்பு. மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் ஓராண்டுக்கு 40. அதாவது 1200 மணி நேரம். வருஷத்தில் ஒரு நாள் விடாமல் படித்தாலும் தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. “கரஸ்தானே, பரீட்சைக்கு முன்னால் பத்து நாள் படித்தால் போதும்” என்று அண்ணன்மார் சொல்வதைக் கேட்டுச் சேருகிறவர்கள் முதல் தேர்விலேயே நாலைந்து அரியர் வைக்கிறார்கள். அடுத்த ஆண்டு புதுப் பாடங்களோடு பழைய பாடங்களும் வந்து நிற்கும். மூன்றாம் ஆண்டில் பலர் படிப்பின் பேச்சையே விட்டுவிடுகிறார்கள். வீட்டில் கேட்டால் “போய்க்கிட்டு இருக்கு” என்பார்கள்.

கல்லூரியில் வராதவனை வாத்தியார் கேட்பார், நண்பன் கேட்பான். இங்கே கேட்க ஆள் கிடையாது. புத்தகம் தாமதமாக வந்தால் நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். தேர்வு விண்ணப்பக் கெடு முடிந்தால் ஆறு மாதம் போச்சு. இக்னோவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான படிப்புகளில் 30 சதவீதம் அசைன்மென்டுக்கு, 70 சதவீதம் ஜூன், டிசம்பர் தேர்வுகளுக்கு. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேர்வை நன்றாக எழுதிவிட்டு அசைன்மென்டை ஒப்படைக்காத மாணவருக்கு அந்தப் பாடம் முடிந்ததாகவே ஆகாது. இன்னொன்று, மறுபதிவு. முதலாண்டுத் தேர்வை எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, தேறினாலும் தவறினாலும், இரண்டாம் ஆண்டுக்குக் குறித்த காலத்தில் பணம் கட்டி மறுபதிவு செய்தாக வேண்டும். “ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று காத்திருந்தே ஒரு முழு வருஷத்தை இழந்தவர்கள் எத்தனையோ பேர். மூன்றாண்டுப் பட்டத்துக்கு ஆறு ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வேலை மாறும், கல்யாணம் நடக்கும், குழந்தை பிறக்கும். ஆறு ஆண்டு எப்படிப் போனது என்றே தெரியாது.

முதல் ஆண்டு முடியும்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். கட்டண ரசீது, அடையாள அட்டை, ஒப்படைத்த ஒவ்வொரு அசைன்மென்டுக்கும் ஒப்புகைச் சீட்டு, ஹால் டிக்கெட், மதிப்பெண் பட்டியல், இரண்டாம் ஆண்டுப் பதிவு உறுதிச் சீட்டு. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உங்கள் பதிவு எண்ணைப் போட்டால் இவை எல்லாமே உங்கள் பெயரில் தெரிய வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், இனிஷியல் முன்னால் பின்னால் போயிருந்தாலும், அந்த ஆண்டிலேயே எழுதிக் கொடுத்துத் திருத்துங்கள். பட்டம் அச்சான பிறகு திருத்துவது பெரும் பாடு. சீட்டுக் கட்டுகிறவர் மாதா மாதம் பாஸ் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பது போல, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உள்ளே நுழைந்து பாருங்கள்.

தேர்வு விஷயத்தில் எந்தச் சலுகைக்கும் ஆசைப்படாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே எழுத அனுமதித்த தேர்வைப் பயன்படுத்தி, சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வியில் சேரவே சேராத நூற்றுக்கும் மேற்பட்டோர், பழைய அரியர்காரர்கள் போலத் தேர்வு எழுதிப் பட்டம் வாங்க முயன்றது 2022-இல் வெளியே வந்தது. இப்படி ஒன்று நடக்கும்போது அடிபடுவது அவர்கள் மட்டும் இல்லை. அதே பருவத்தில் ஒழுங்காக எழுதிய மாணவரின் மதிப்பெண்ணையும் நிறுவனங்கள் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். மையத்துக்காரர் “ஆள் வைத்து எழுதிவிடலாம்” என்று சொன்னால் அவர் உங்களைச் சிறைக்குக் கூப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்னொரு எச்சரிக்கை: வளைகுடாவுக்கோ வேறு நாட்டுக்கோ போக நினைப்பவர்கள், அந்த நாட்டில் தொலைநிலைப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று தருவார்களா என்பதைச் சேருவதற்கு முன்பே விசாரியுங்கள். இங்கே செல்லும் பட்டம் அங்கேயும் செல்லும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வார்த்தை. அனுமதி கிடைக்காத பருவத்தில் மாணவரைச் சேர்ப்பது நிர்வாகத் தாமதம் என்று சொல்லித் தப்பிக்கிற விஷயமே இல்லை. அது மாணவருக்குச் செய்கிற துரோகம். அனுமதிக் கடிதத்தைச் சேர்க்கை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே தமிழில் போடுங்கள். சேர்ந்தவர் எத்தனை பேர் என்று போடுகிற விளம்பரத்தில், தேறியவர் எத்தனை பேர், நடுவில் நின்றவர் எத்தனை பேர் என்பதையும் போடுங்கள். முதல் ஆண்டில் தேர்வு எழுதாமல் விட்ட ஒவ்வொரு மாணவரையும் ஒருமுறையாவது போனில் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். லட்சக்கணக்கானவர்களிடம் கட்டணம் வாங்குகிற நிறுவனத்துக்கு இது பெரிய செலவே இல்லை. அரசும் யுஜிசியும் ஓர் அறிவிப்பை ஆங்கிலத்தில் இணையதளத்தில் ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது. ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்துக்கும் முன்னால், எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறது, எதற்கு இல்லை என்ற பட்டியல் தமிழ் நாளிதழ்களில் வர வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் கிராம இ-சேவை மையத்திலும் ஒட்டப்பட வேண்டும். அண்ணாமலையில் நடந்தது போல ஏழு வருஷச் சேர்க்கை நடந்த பிறகு எச்சரித்து யாருக்கு என்ன பயன்?

ஏற்கெனவே சேர்ந்துவிட்டு இப்போது சந்தேகம் வந்தவர்கள் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகம், படிப்பு, சேர்ந்த ஆண்டு, பருவம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு அதற்கு அனுமதி இருந்ததா என்று பல்கலைக்கழகத்தின் பதிவாளரிடமும் யுஜிசியிடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். வாய்ப் பேச்சை நம்பாதீர்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். அனுமதி இல்லை என்று பதில் வந்தால் இன்னும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டியதைத் திரும்பக் கேட்டு எழுதுங்கள், நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்ட முடியுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் விசாரியுங்கள். மூன்று வருஷம் போன பிறகு விழித்துக்கொள்வதைவிட ஒரு வருஷத்தோடு நிறுத்துவது மேல்.

படித்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் குடும்பத்தில் யாராவது இந்தப் பருவத்தில் கரஸில் சேரப் போகிறார்களா என்று விசாரியுங்கள். அவர்களோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து யுஜிசி பட்டியலைத் திறந்து காட்டுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் செய்யுங்கள்.